ஜெர்மனியின் ஒருங்கிணைப்பு வகுப்பு: முடித்தவளின் மதிப்பீடு

கணவரின் நாடான ஜெர்மனிக்கு 2023இல் குடிவந்தபோது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதியோடு எனக்கு இன்னொரு தாளும் கொடுத்தார்கள். ‘இன்டெக்ரட்ஸியோன்ஸ்குர்ஸ்’ எனப்படும் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்வதற்கான உரிமைச் சான்று அது. 2005 முதல் நடந்துவரும் இந்த ஏற்பாட்டில் செலவின் ஒரு பகுதியையும் பாடத்திட்டத்தையும் கூட்டாட்சி அரசு பார்த்துக்கொள்கிறது. வகுப்புகளை ஊர்தோறும் அனுமதி பெற்ற பள்ளிகள் நடத்துகின்றன. ஸ்டுட்கார்ட்டில் அத்தகைய பள்ளி ஒன்றில் முழுவதையும் முடித்தவள் என்ற முறையில், மணமாகி இங்கே வரவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொது வகுப்பு 700 பாடவேளைகளைக் கொண்டது. ஒரு பாடவேளை 45 நிமிடம். அவற்றில் 600 மொழிக்கும், மீதி 100 நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டவை. நான் சேர்ந்தபோது ஒரு பாடவேளைக்கு 2.29 யூரோ கட்டணம். விசாவுக்காக, ஜெர்மன் கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் மொழியின் தொடக்க நிலையான ஏ1 தேறியிருந்ததால் முதல் நூறு வேளைகளைக் கழித்துவிட்டு இரண்டாம் கட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் படித்ததில் பாதி மறந்துபோகாமல் இருந்திருந்தால் இன்னொரு நூறும் மிச்சமாகியிருக்கும். ஆக நான் கட்டியது 1,374 யூரோ. உரிய காலத்துக்குள் தேர்வுகளில் தேறியதால் அதில் பாதி அப்போது திரும்பக் கிடைத்தது. இத்தகைய சலுகைகளை அரசு அவ்வப்போது மாற்றுவதுண்டு என்பதால், சேருமுன் பள்ளியிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

கற்பித்தலைப் பொறுத்தவரை, தமிழருக்கு இந்த மொழி பயமுறுத்தும் அளவுக்கு அந்நியமானது அன்று என்பதே என் முதல் கண்டுபிடிப்பு. ‘ஏனென்றால்’ எனப் பொருள்படும் ‘வைல்’ என்ற சொல்லுக்குப் பின் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற விதியில் உக்ரைனியத் தோழியரும் சிரியத் தோழர்களும் வாரக்கணக்கில் தடுமாறினார்கள். பிறந்தது முதல் வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய எனக்கு அது ஒரு பாடமாகவே தோன்றவில்லை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதை நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையில் ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்கிறார்கள். ஆனால் பால் பாகுபாட்டில் இந்த மகிழ்ச்சி அடங்கிவிடுகிறது. தேக்கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை. சிறுமியைக் குறிக்கும் சொல்லோ அஃறிணை ஒருமை போல நிற்கிறது. இதற்குக் காரணம் கேட்டால் ஆசிரியர் சொல்லின் விகுதியைக் காட்டுவார். எனக்குக் கடைசிவரை மனம் ஒப்பவில்லை.

வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் ‘ஸீ’ என்று, அதாவது நீங்கள் என்று, அழைத்துப் பழகினோம். வீட்டிலோ, முதல் நாளே மாமியார் தம்மை ‘டூ’ என்று ஒருமையில் அழைக்கச் சொல்லிவிட்டார். மாமியாரை ‘நீ’ என்பதற்கு என் நாக்கு எழவில்லை. பல வாரங்கள் விளிச்சொல்லே வராதபடி வாக்கியங்களைச் சுற்றிவளைத்துப் பேசினேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளவில்லை, ஒட்டாமல் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. பாடநூலில் இந்த விதிக்கு அரைப் பக்கம்தான். மணமாகி வருகிறவர்களுக்கு அதுவே பெரிய பாடம். வட்டாரப் பேச்சும் அப்படித்தான். வகுப்பில் ‘ப்ரோட்ஷென்’ என்று கற்றுக்கொண்ட சிறு ரொட்டியை இங்குள்ள அடுமனையில் ‘வெக்லே’ என்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெயர் பதிந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகே இடம் கிடைத்தது. நடுவில் ஆசிரியர் மூன்று முறை மாறினார். ஒவ்வொருவரும் முந்தையவர் நடத்தியதையே முதலிலிருந்து தொடங்கினார்கள். பட்டப்படிப்பு முடித்தவர்களும், இலத்தீன் எழுத்தையே புதிதாகப் பழகுகிறவர்களும் இருபதுக்கும் மேற்பட்டோராக ஒரே அறையில் இருந்ததால், ஒரு சாராருக்கு அலுப்பும் மறு சாராருக்குத் திணறலும் தவிர்க்க முடியாதவையாயின. இரு தரப்புக்கும் ஈடுகொடுத்து நடத்தியவர் இரண்டாவதாக வந்த ஆசிரியர் ஒருவரே.

கடைசி 100 வேளைகள் நான் எதிர்பார்த்ததைவிடச் சுவையாக இருந்தன. மனித மாண்பு மீற முடியாதது என்று தொடங்கும், ஜெர்மனியின் அரசமைப்பான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தைப் பற்றி, போரிலிருந்து தப்பி வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது வெறும் பாடமாக இருக்க முடியாது. ஆனால் படிக்கட்டு பெருக்குவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! ஒரு திங்கட்கிழமை எங்கள் கதவில் ‘கேர்வோஹெ’ என்று எழுதிய சிறு அட்டை தொங்கியது. கணவர் ஊரில் இல்லாததால், யாரோ தவறுதலாக மாட்டிவிட்டார்கள் என்று எண்ணிக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மையார் வந்து வாளியைக் காட்டி விளக்கிய பிறகுதான், அது நம் ஒண்டுக்குடித்தன வீடுகளின் முறைவாசல் என்று புரிந்தது.

இறுதித் தேர்வுகள் இரண்டு. மொழித் தேர்வில் ஏ1க்கு மேற்பட்ட ஏ2 அல்லது அதற்கும் அடுத்த பி1 நிலை தருவார்கள்; பேச்சுப் பகுதிக்கு இருவர் இருவராக அழைப்பார்கள். நானும் உக்ரைனியத் தோழி ஒருவரும் பிரிவுபசார விருந்து ஒன்றைத் திட்டமிட வேண்டியிருந்தது. கேக்கை யார் கொண்டுவருவது என்பதில் உண்மையாகவே வாக்குவாதம் முற்றியது நல்ல மதிப்பெண்ணுக்கு உதவியிருக்கலாம். நாட்டறிவுத் தேர்வு எளிது: 33 வினாக்களில் 15 சரியாக இருந்தால் தேர்ச்சி, 17 இருந்தால் குடியுரிமைக்கும் அதுவே செல்லும். வினாக்கள் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை.

இத்தனை குறைகளோடும் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் சான்றிதழ் அன்று. அதுவரை வங்கி, மருத்துவர், விருந்து என எங்கே போனாலும் நான் இன்னாருடைய மனைவி. என் வாக்கியங்களைக் கணவரே முடித்துவைப்பார். வகுப்பில் அவரை யாருக்கும் தெரியாது. பாடம் முடிந்து டிராம் நிறுத்தத்தில் அந்தத் தோழியோடு பிழையான ஜெர்மனில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பேன். திருத்த ஆளில்லை, இருவருக்கும் எல்லாம் புரிந்தது. ஆகவே மாலையில் கணவரோடு சேர்ந்து வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சான்று கைக்கு வந்த அன்றே இரண்டு மூன்று பள்ளிகளில் பெயரைப் பதிந்துவிட்டு, இடம் கிடைக்குமானால் பகல் வகுப்பையே கேட்டு வாங்குங்கள்.