நினைத்தவுடன் கிளம்ப வலென்சியா, போனவுடன் மெர்காட் சென்ட்ரல்

வசந்தத்தில் திடீரென்று ஸ்பெயின் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது வலென்சியாதான். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஷாதிவா நிலையம், அங்கிருந்து நடந்தால் மெர்காட் சென்ட்ரல் என்கிற மத்தியச் சந்தை. முன்பதிவும் வேண்டாம், நுழைவுக் கட்டணமும் இல்லை.

1928-இல் திறந்த கட்டடம். இரும்பு, கண்ணாடி, வண்ண ஓடுகள். குவிமாடத்து ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் இறங்குகிற காலை நேரத்தில் போங்கள்.

நான் சைவம். தொங்கும் பன்றித் தொடைகளைத் தாண்டிக் காய்கறிப் பக்கம் போனால் திரும்ப மனம் வராது. இளம் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), பாயேயா என்கிற அரிசி உணவில் போடும் பெரிய வெள்ளை அவரை, பக்கத்து அல்புஃபேரா வயல்களில் விளையும் அரிசி. அதில் போம்பா ரகம் குட்டை, உருண்டை. சாற்றையெல்லாம் உறிஞ்சியும் குழையாது. சோறு தின்று வளர்ந்த நமக்கு அதன் அருமை புரியும். கோரைக்கிழங்கு வகையான சூஃபாவை அரைத்து எடுக்கும் ஓர்சாட்டாவைக் குளிரக் குளிரக் குடித்தே ஆகவேண்டும். துளிப் பால் சேராது.

வாசலோரம் கோப்பையில் விற்கும் வெட்டிய பழங்கள் வேண்டாம். உள்ளே போய் முழுப் பழமாக வாங்குங்கள்.

ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் மதியம் மூன்றோடு சரி. மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா. கடைசி நேரத்தில் அறை தேடுபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். சந்தைக்கு எதிரே பழைய பட்டு வணிக மண்டபம் லா லோன்கா. முறுக்கிய தூண்களைப் பார்க்காமல் வராதீர்கள்.