பழைய ஸ்டீரியோ: இருந்தபடியே மீட்பதா, இஷ்டப்படி மாற்றுவதா?

பழைய ஸ்டீரியோ செட் ஒன்றைத் திறந்து வைத்தால் போதும், இரண்டு கட்சிகள் வந்து நின்றுவிடும். "தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே மீட்டெடு, வேறு எதையும் தொடாதே" என்பது ஒன்று. "உள்ளே இருப்பதெல்லாம் பழசு, இன்றைய பாகங்களைப் போட்டு இன்னும் நன்றாகப் பாட வை" என்பது மற்றொன்று. பெரும்பாலானோர் ஒரு கட்சியில் சேர்ந்து எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பதில், ஸ்பீக்கருக்கு வேறு பதில்.

ஆம்ப்ளிஃபயரில் "அசல் பாகம்தான் வேண்டும்" என்ற வாதம் சீக்கிரமே தோற்றுவிடும். மின்னூட்டத்தைத் தேக்கி விடும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் வருஷக்கணக்காகக் காய்ந்துகொண்டே வரும். பவர் சப்ளையில் உள்ளது காய்ந்தால் ஸ்பீக்கரில் உர்ர் என்று ஹம் கேட்கும். ஒலி போகும் வழியில் உள்ளது காய்ந்தால் பாஸ் மெலியும். ஆக, அசல் என்று நாம் காப்பாற்றும் பாகம் அசல் மதிப்பில் இருப்பதே இல்லை. அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட், 105 டிகிரி சூடு தாங்கும் வகை: இப்படிப் புதிதாகப் போட்டுவிட வேண்டியதுதான். இதற்குப் பெயர் மீட்பா மாற்றமா என்ற சண்டையை மற்றவர்கள் போடட்டும்.

"இன்னும் பெரிய கெப்பாசிட்டர் போட்டால் பாஸ் கூடும்" என்று கிளம்பும்போதுதான் வம்பு. 1959-இல் வந்த டைனகோ எஸ்டி-70 வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்வோம். சேனலுக்கு 35 வாட், இரண்டு இஎல்34 வால்வு. இதில் மின்சாரத்தை டிசியாக மாற்றுவதும் ஒரு வால்வுதான், ஜிஇசட்34. அதற்கு அடுத்து நிற்கும் முதல் கெப்பாசிட்டர் அசலில் 30 மைக்ரோஃபாரட். அந்த வால்வு தாங்கும் உச்சம் 60. தாராள மனதோடு 100-ஐப் போட்டால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதை நிரப்ப வால்வு தாங்காத அளவு கரன்ட் பாயும். ஒரு நாள் உள்ளே பொறி பறந்துவிடும்.

அதே எஸ்டி-70-இல் மாற்றக் கட்சி ஜெயிக்கும் இடமும் உண்டு. முன்பகுதியில் இருக்கும் 7199 வால்வு இன்று கிடைப்பது அரிது. அதனால் எளிதில் கிடைக்கும் வால்வுகளுக்கு ஏற்ற வேறு போர்டைப் பலரும் பொருத்துகிறார்கள். எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. பழைய போர்டை வெட்டாமல் கழற்றி, ஒரு பையில் போட்டு வைத்தால் போதும். எந்தப் போர்டாக இருந்தாலும் கடைசியில் மீட்டரில் பார்க்க வேண்டியது 1.56 வோல்ட். அது 15.6 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே அளப்பது. பாட்டு இல்லாமல் சும்மா இருக்கும்போது ஒரு ஜோடி இஎல்34-இல் மொத்தம் 100 மில்லி ஆம்பியர் கரன்ட் ஓடுகிறது என்று அர்த்தம்.

எந்தக் கட்சியாக இருந்தாலும், வேலை முடிந்த செட்டை முதல் தடவை நேராக பிளக்கில் செருகாதீர்கள். நடுவே தொடர் இணைப்பில் ஒரு குண்டு பல்பு இருக்கட்டும். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட்.

அடுத்து டயல் விளக்கு. சின்ன விஷயம்தான், ஆனால் நிறைய செட்டுகளின் அழகு கெடுவது இங்கேதான். மராண்ட்ஸ் 2270 ரிசீவரின் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த செட்) நீல ஒளியைப் பார்த்துவிட்டு நீல எல்இடி வாங்கிப் போடுகிறார்கள். ரிசீவர் மருந்துக்கடைப் பலகை மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே ஒளி விடுவது சாதாரண சிறு பல்பு. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய தாளும் வடிப்பானும்தான் அதை மிருதுவான நீலமாக்கித் தருகின்றன. எல்இடி வேண்டுமென்றால் இளமஞ்சள் வெள்ளையாகப் போட்டு, பொரிந்துபோன தாளைப் புதிதாக வெட்டி ஒட்டுங்கள். விளக்குக்கு ஏசி வரும் செட்டில் ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ் இல்லாமல் எல்இடி துடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கருக்கு வந்தால் நான் அப்படியே கட்சி மாறிவிடுவேன். இங்கே பழமைவாதிதான் சரி. ஃபோம் விளிம்பு உதிர்ந்த வூஃபருக்கு (பாஸ் பாடும் பெரிய கூம்பு) "ரப்பர் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்" என்பார்கள். உழைக்கும்தான். ஆனால் 1954-இல் எட்கர் வில்ச்சூரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் தொடங்கிவைத்த மூடிய பெட்டி முறையில், கூம்பைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் வேலையை முக்கியமாகச் செய்வது பெட்டிக்குள் அடைபட்ட காற்று. விளிம்பு தளர்வாக இருந்தாக வேண்டும். விறைப்பான ரப்பர் வந்தால் கூம்பின் இயல்பு அதிர்வெண் ஏறும், ஆழ்ந்த பாஸ் குறையும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோமே போடுங்கள்.

ஒலியை வூஃபருக்கும், உயர்ந்த ஒலியைப் பாடும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவரிலும் இதே கதை. பழைய எலக்ட்ரோலைட்டிக்கை எடுத்துவிட்டு ஃபிலிம் வகை போட்டால் உள் தடை குறைந்து ட்வீட்டர் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கலாம். தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர் சேர்த்தால் பழைய சமநிலை திரும்பும். இதற்கு மேல் போய் ஜேபிஎல் எல்100 மாதிரி ஒன்றின் கிராஸ்ஓவரையே புதிதாக வடிவமைப்பவர்களும் இருக்கிறார்கள். 1970-இல் வந்த அந்த ஸ்பீக்கரில் 12 அங்குல வூஃபருக்கு வடிகட்டியே கிடையாது. கூம்பு தன் எல்லை வரை தானாகப் பாடி ஓயும். அதற்குக் காயில் போட்டு ஒழுங்குபடுத்தினால் அளவீட்டு வரைபடம் அழகாக வரும், சரி. ஆனால் அது எல்100 இல்லை. ஒழுங்கான ஸ்பீக்கர்தான் வேண்டுமென்றால் புதிதாகவே வாங்கலாமே.

டர்ன்டேபிளில் சண்டைக்கே இடமில்லை. கேரர்ட் 301 விற்கும்போதே ஊசியைத் தாங்கும் கையும் கிடையாது, பெட்டியும் கிடையாது. வாங்குபவர்தான் தேர்ந்து பொருத்த வேண்டும். அதில் "அசல்" கை எது? டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2-இல் நிரந்தரமாகப் பற்றவைத்த கேபிளை எடுத்துவிட்டு ஆர்சிஏ சாக்கெட் வைப்பதும் எனக்கு முழுச் சம்மதம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு: உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, பழைய முகப்புக்குப் பின்னால் இன்றைய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் போர்டும் ப்ளூடூத்தும் வைப்பது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, மாற்றும் கிடைக்காத செட் என்றால் செய்யுங்கள். ஓடும் ரிசீவரில் செய்வது அநியாயம். அதற்குத் தேவையும் இல்லை. பின்னால் வெளிக் கருவிகளுக்கான ஆக்ஸ் சாக்கெட் இருக்கிறது, ப்ளூடூத் பெட்டியை அங்கே செருகலாம். ஒன்று மட்டும்: அந்தக் கால ஆக்ஸ் எதிர்பார்ப்பது சுமார் 150 மில்லி வோல்ட், இன்றைய டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) பெரும்பாலும் 2 வோல்ட் வரை தரும். வால்யூமை எட்டு மணி நிலையிலிருந்து லேசாகத் திருப்பினாலே அலறுகிறது என்றால் ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லாமல், கேபிளில் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் போட்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.