வங்கிகள் தயங்கிய திட்டம், வங்கிகளுக்கு ஏற்ற திட்டம்

பெருமந்தம் என்ற 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக்கு முந்தைய அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடக் கடன்தான். அதுவரை வட்டியை மட்டும் கட்டிவருவார்கள். கெடு முடிந்ததும் அசலை மொத்தமாக வைக்க வேண்டும். கையில் பணம் இல்லையா, கடனைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 1920-களில் அதுவே நடைமுறை. 1930-க்குப் பிறகு வங்கிகளே ஆட்டம் கண்டதால் புதுப்பிக்க மறுத்தன. 1933 வாக்கில் நாளுக்குச் சுமார் 1,000 வீடுகள் ஜப்தியாகிக்கொண்டிருந்தன.

அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ஒரு வருட இடைவெளியில் இரண்டு வழிகளைக் கொண்டுவந்தது. 1933 ஜூனில் வீட்டு உரிமையாளர் கடன் கழகம். 1934 ஜூனில் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடன் வாங்கியவர் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

கழகம், கட்ட முடியாமல் நின்ற கடனையே வாங்கிக்கொண்டது. அதற்கு விலையாக வங்கிக்குப் பணமாக அல்ல, தன் கடன் பத்திரமாகக் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு 5 சதவீத வட்டியில் 15 வருடத் தவணை. 3,000 டாலர் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் 6 சதவீதத்துக்கு வருட வட்டி 180 டாலர். ஐந்து வருடம் கட்டிய பிறகும் அந்த 3,000 அப்படியே நிற்கும். கழகத்திடம் மாதம் சுமார் 24 டாலர். மாதக் கணக்கில் இது கூடுதல்தான். ஆனால் ஒவ்வொரு தவணையிலும் அசல் கரைகிறது, 180-ஆவது மாதம் வீடு சொந்தம். திடீரென்று ஒருநாள் முழுத் தொகையைக் கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அந்தப் பயம் போனதே பெரிய விஷயம் என்பேன்.

வங்கிகள் முரண்டு பிடித்தது இங்கேதான். பத்திரத்துக்கு 4 சதவீத வட்டி. அந்த வட்டிக்கு மட்டுமே அரசின் உத்தரவாதம், அசலுக்கு இல்லை. போதாததற்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கழகம் கொடுக்கும். மதிப்பு 3,500-க்கு இறங்கியிருந்தால் கிடைப்பது 2,800. மீதி 200-ஐ வங்கி விட்டுக்கொடுக்க வேண்டும். அசலைப் பற்றிய அவர்களுடைய கவலை நியாயமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் வங்கி சம்மதிக்காமல் கடன் கைமாறாது என்பதால், அவர்கள் தயங்கிய ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு குடும்பத்தின் சாமான் தெருவுக்கு வந்தது. 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அசலுக்கும் உத்தரவாதம் தந்தது. கழகம் மொத்தம் சுமார் 10 லட்சம் கடன்கள் கொடுத்தது. தொகை 300 கோடி டாலருக்கு மேல்.

வீட்டுவசதி நிர்வாகம் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடன் திரும்பாவிட்டால் ஈடு கிடைக்கும்படி அதைக் காப்பீடு செய்தது: மதிப்பில் 80 சதவீதம் வரை, 20 வருடம் வரை. காப்பீட்டுக் கட்டணம் கடன் வாங்குபவர் தலையில். இதற்கான சட்ட வரைவில் பங்கெடுத்த மாரினர் எக்கில்ஸ் யூட்டா மாநில வங்கியாளர். இங்கே எதிர்ப்பு வேறொரு மூலையிலிருந்து வந்தது. தவணைக் கடனை ஏற்கெனவே தொழிலாக வைத்திருந்த கட்டட-கடன் சங்கங்கள், தங்கள் வாடிக்கையாளர்களை வங்கிகள் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று எதிர்த்தன. அடமானக் கடன்களை வாங்கி விற்கத் தனியார் நிறுவனங்கள் வரட்டும் என்று சட்டம் இடம் கொடுத்தும் ஒருவரும் வரவில்லை. 1938-ல் அப்படிப்பட்ட நிறுவனமான ஃபேனி மே-யை அரசே தொடங்க வேண்டியதாயிற்று.

அரசுப் பணம் என்பதற்காக வங்கிகள் எதிர்த்தன என்று நான் நம்பவில்லை. 1932 முதல், மறுசீரமைப்பு நிதிக் கழகம் என்ற இன்னொரு அரசு அமைப்பிடம் ஆயிரக்கணக்கான வங்கிகள் கடன் வாங்கியிருந்தன. வட்டியையும் கெடுவையும் அரசு தீர்மானிப்பதுதான் உறுத்தியது.

இரண்டில் என் தேர்வு வீட்டு உரிமையாளர் கடன் கழகம். குறை இல்லாமல் இல்லை: கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை, கடன் கொடுக்க ஆபத்தானவை என்று அதன் வரைபடங்கள் சிவப்பில் காட்டின. வீட்டுவசதி நிர்வாகம் அதைவிட மோசம். அந்தப் பகுதிகளுக்குக் காப்பீட்டையே மறுத்தது. கழகமும் சுமார் 2 லட்சம் வீடுகளை ஜப்தி செய்தது, ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்த பிறகு. 1951-ல் கணக்கை முடித்தபோது அதனிடம் சிறு லாபமும் இருந்தது.