உச்சிப்புளி சாலையோரப் பட்டறை: கருகல் வாடையும் 2,600 ரூபாயும்

கடந்த மாதம் உறவினர்களைத் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அழைத்துச் சென்று திரும்பும் வழியில், தங்கச்சிமடத்தைத் தாண்டியபோது காருக்குள் கருகல் வாடை அடிக்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். புகை இல்லை, ஒயர் எதுவும் உருகியிருக்கவில்லை, எண்ணெயும் எங்கும் கசியவில்லை. பத்து நிமிடம் நின்றதும் வாடை அடங்கியது; மண்டபம் வருவதற்குள் மீண்டும் வந்துவிட்டது.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், மணலில் வைத்துத் திருப்பியதில் கிளட்ச் பிளேட் கருகிவிட்டது என்றும், பிரஷர் பிளேட்டோடு சேர்த்து மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். தனுஷ்கோடியில் சாலையை விட்டு இறங்கி மணலில் திருப்பியது உண்மைதான் என்பதால் பாதி நம்பிவிட்டேன். ஆனால் கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் பேடிலும் இருப்பது பிசின் சேர்த்து அழுத்திய உராய்வுப் பொருளே. அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நாறும். வாடையை மட்டும் வைத்து முடிவு சொல்வதற்கு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அதை விளக்கியவர், உச்சிப்புளியில் நெடுஞ்சாலையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்தும் ஒரு பெரியவர். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளுக்கே தனியாகக் கூலி கொடுக்கலாம். “வாடை எப்ப வருது தம்பி, கிளம்புறப்பவா, ஓடி நிக்கிறப்பவா? வண்டி ஒரு பக்கமா இழுக்குதா?” என்றார். இழுத்தது, இடப்பக்கமாக இழுத்தது. பாம்பன் பாலத்துக் காற்று தள்ளுகிறது என்று நானாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14-க்கு இறங்கியிருந்ததையும் அப்போதுதான் சேர்த்து யோசித்தேன்.

முதலில் கிளட்ச் சந்தேகத்தைத் தீர்த்தார். கைபிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டதும் இஞ்சின் சட்டென்று அணைந்தது. கிளட்ச் வழுக்கியிருந்தால் இஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டே இருந்திருக்கும். அதன்பின் என்னை உட்காரவைத்து, பிரேக்கைக் கூடியவரை தொடாமல் நான்கு கிலோமீட்டர் ஓட்டி வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். முன்பக்க இடது சக்கரத்தில் மட்டும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்கின் ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும், தோசைக்கல்லில் தெளித்ததுபோலச் சுரீரென்று ஆவியானது. ஜாக்கி வைத்துத் தூக்கியபோது வலது சக்கரம் கைவிசைக்கு இரண்டு சுற்று சுற்றியது. இடது சக்கரமோ அரைச்சுற்றிலேயே நின்றுவிட்டது.

பேடுகளை டிஸ்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின்கள் உண்டு. கீழ்ப்பின்னை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உப்பு ஈரம் உள்ளே புகுந்து, அந்தப் பின்னே துருவேறி இறுகிப்போயிருந்தது. அதனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேடுகள் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன. உள்பக்கப் பேடு 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. டிஸ்கிலும் ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் கோணவில்லை என்று சுற்றிக் காட்டியதால் அதை மாற்றவில்லை.

துருவை எமரி தாளால் தேய்த்துப் பார்த்தவர், பின்னில் குழி விழுந்துவிட்டதைக் காட்டிப் புதிய பின்னும் உறையும் போடச் சொன்னார். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும் என்பதால் பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸைத்தான் தடவினார். பேடுகளை இடதில் மட்டும் மாற்றாமல் இரு பக்கமும் மாற்றியது சரியான முடிவு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிப்பு இரண்டு சக்கரத்துக்கும் ஒத்துவராது. பேடுகளுக்கு 1,650, பின் செட்டுக்கு 350, கூலி 600 என மொத்தம் 2,600 ரூபாய் ஆனது. கழற்றிய பழைய பொருட்களைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்ததும் எனக்குப் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. உதிரிபாகம் ராமநாதபுரத்திலிருந்து வரவேண்டியிருந்ததால் காலை பத்து மணிக்கு விட்ட வண்டி மாலை ஐந்துக்குத்தான் கிடைத்தது. அதுவரை உட்கார ஒரு பழைய டயர்தான் இருக்கை. ரசீது துண்டுச் சீட்டில் எழுதித் தரப்படுகிறது. உத்தரவாதம் கேட்பவர்களுக்கு அது உதவாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, அதனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. அதை அவராகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகே பார்த்தார். ஒயரிங், ஏ.சி. வேலைகளைத் தாம் எடுப்பதில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். எனவே பிளாஸ்டிக் எரிவதுபோல் காரமான வாடை வந்தால் வண்டியை உடனே அணைத்துவிட்டு, எலக்ட்ரீசியனைத்தான் அழைக்கவேண்டும்.

கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லி அனுப்பினார். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு என்பதால், குடிநீர்க் குழாயில் பிடித்த இரண்டு குடம் தண்ணீர் இப்போது வண்டிக்குப் போகிறது. வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை. மூன்று வாரத்தில் 1,100 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. வாடை இல்லை, இழுப்பும் இல்லை, மைலேஜ் 16-ஐத் தாண்டியிருக்கிறது. பின்சக்கர டிரம் பிரேக்குகளை அன்று திறந்து பார்க்கவில்லை; அடுத்த மாதம் அதற்காக அங்கேயே போகிறேன், உட்கார ஒரு மடக்கு நாற்காலியோடு.