'ஏழரைக்கு' என்றால் 07:30: டேட்பார்சருடன் இரண்டு வருடம்

அண்ணன் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களிலிருந்து தேதியையும் நேரத்தையும் பிரித்தெடுக்க பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன், உள்ளே வேலை பார்ப்பது டேட்பார்சர், மனிதர்கள் எழுதும் தேதியைப் படித்துக் கணினிக்குப் புரியும் தேதியாக மாற்றும் பைத்தான் நூலகம். இரண்டு வருடமாகத் தினமும் ஓடுகிறது. நம்பிப் பயன்படுத்தலாம், ஆனால் அமைப்புகளைத் தொடாமல் விட்டால் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் மாட்டியது தேதி வரிசையில். '5/6/24 காலை 40 பேருக்கு டிபன்' என்று வந்தது. ஆங்கிலத் தேதி என்று எடுத்துக்கொண்டால் டேட்பார்சர் மாதத்தைத்தான் முதலில் வைக்கும், அதனால் ஜூன் 5 மே 6 ஆகி, முடிந்துபோன ஆர்டர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. அன்று காலை அந்த வீட்டிலிருந்து போன் வந்தபோதுதான் தெரியும், அண்ணன் பக்கத்து ஓட்டலில் இட்லி வாங்கிக்கொண்டு ஓடினார். வரிசை நாள், மாதம், வருடம் என்று அமைப்பில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

அடுத்தது 'நாளை'. எந்த நாளிலிருந்து நாளை? இரவு 11.50-க்கு அனுப்பியதை நிரல் 12.10-க்குப் படித்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். சர்வர் யூடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடினால் நம் ஊர் விடியற்காலை 5.30 வரை அதற்கு நேற்றுதான். செய்தி வந்த நேரத்தை இந்திய நேரமாக மாற்றி, அதையே 'ரிலேட்டிவ் பேஸ்' ஆக, அதாவது 'நாளை'யை எங்கிருந்து கணக்கிட வேண்டும் என்று சொல்லும் அமைப்பாகக் கொடுத்த பிறகு இந்தத் தொல்லை இல்லை.

தமிழும் இதற்குத் தெரியும், 'நாளை', 'நேற்று' எல்லாம் புரிந்துகொள்ளும். ஆனால் நம் ஆட்கள் எழுதுவது 'வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழரைக்கு'. அரை, ஏகால், ஏமுக்கால் என்று முடியும் சொற்களை நானே எண்ணாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறேன்: ஏழரை 7:30, எட்டேகால் 8:15, ஆறேமுக்கால் 6:45. அந்த அட்டவணை எழுத ஒரு சாயங்காலம் ஆனது, இந்த நிரலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். அப்புறம் ஞாயிறு 2024-06-09, 07:30 என்று சுத்தமாக வந்து விழும்போது அவ்வளவு நிறைவாக இருக்கும்.

இப்போது ஆர்டர் கொடுத்தவர் எழுதிய வாக்கியத்தையும் தேதிக்குப் பக்கத்திலேயே சேமிக்கிறேன், 'ஜூன் 9 ஞாயிறு காலை 7.30, சரிதானே?' என்று அவருக்கே பதிலும் போகிறது. 'வெள்ளி ராத்திரி 12 மணி' என்று வந்தால் மட்டும் நிரல் எதையும் முடிவு செய்யாது, அண்ணனே போன் போட்டு எந்த ராத்திரி என்று கேட்டுக்கொள்கிறார்.