கிண்ணமா, ஹெட்செட்டா, சொந்தத் தொண்டையா?

வேலை ஓசூரில், வீடு கிருஷ்ணகிரியில். நைட் ஷிஃப்ட் முடித்துப் பஸ் பிடித்து வந்து காலையில் படுத்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும், தூக்கம் மட்டும் வராது, நெடுஞ்சாலை லாரி ஹாரன் காதுக்குள்ளேயே நிற்கும். அதற்காகத்தான் மென்மையான யோகாவோடு ஒலியையும் சேர்த்துச் செய்யும் பயிற்சிக்குப் போனேன். ஒரு வருடத்தில் மூன்று விதமாகச் செய்து பார்த்தாகிவிட்டது: ஆள் நேரில் தட்டி இசைக்கும் வெண்கலக் கிண்ணங்கள், செல்போன் ஒலிப்பதிவு, நாமே ரீங்காரமிடும் பிரமரி.

மூன்றுக்கும் யோகா பொதுவானது. கழுத்தும் இடுப்பும் இறுகிக் கிடக்கும்போது எந்த ஒலியைக் கேட்டாலும் மனசு வலியிடம்தான் போய் நிற்கும். மென்மையான யோகா என்றால் வியர்க்க வியர்க்கச் சூரிய நமஸ்காரம் போடுவது இல்லை, புனேயில் பி.கே.எஸ். அய்யங்கார் கயிறு, கட்டை, தலையணை எல்லாம் வைத்துச் சொல்லித்தந்த முறையிலிருந்து வளர்ந்த வகை, ஒவ்வொரு நிலையிலும் மூன்று நான்கு நிமிஷம் உடம்பை எதன்மேலாவது சாய்த்து விட்டுவிட வேண்டும். அதற்கென்று விற்கும் தலையணையை நான் வாங்கவில்லை. பழைய பவானி ஜமுக்காளத்தை இறுக்கிச் சுருட்டி அம்மாவின் நூல் புடவையால் இரண்டு இடத்தில் கட்டிவைத்திருக்கிறேன். மண்டியிட்டு முன்னால் குனியும் பாலாசனத்தில் அது நெஞ்சுக்குக் கீழே, மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் முழங்காலுக்குக் கீழே. நடுவில் சுவரில் காலைத் தூக்கி வைத்து விபரீதகரணி. இருபது நிமிஷம் போதும்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம்.

ஓசூரில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஒரு ஆளுக்கு 800 ரூபாய். எட்டே பேர்தான் படுத்திருந்தோம். முதலில் தட்டிய ஒலி காதில் விழுந்த மாதிரியே இல்லை, தரை வழியாகக் குதிகாலுக்கு வந்து முதுகில் ஏறிய மாதிரி இருந்தது. அந்த ஒலி தேய்ந்துகொண்டே போக, இன்னும் கேட்கிறதா, முடிந்துவிட்டதா என்று தேடிக்கொண்டே நானும் கூடப் போய்விட்டேன். கண்ணைத் திறக்கப் பார்த்தபோது பயிற்சியாளர், "அவசரமில்லக்கா, அப்படியே இருங்க" என்றார். அன்றைக்குத் தூங்கிய தூக்கம் இப்போதும் நினைவிருக்கிறது.

கையால் அடித்துச் செய்யும் கிண்ணம் முழு வட்டமாக இருக்காது. அதனால் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு அதிர்வுகள் சேர்ந்து கிளம்பி, அந்த ஊங்... ஊங்... என்ற அலை உண்டாகிறது. மனசு பிடித்துக்கொள்வது அந்த அலையைத்தான். ஏழு உலோகம் கலந்தது என்று சொல்லி விற்பார்கள், சோதித்துப் பார்த்த பழைய கிண்ணங்களில் பெரும்பாலும் இருப்பது செம்பும் தகரமும், அதாவது நம் வெண்கலம். 2016இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 62 பேரைப் படுக்கவைத்துக் கிண்ணம் இசைத்தார்கள், பதற்றமும் கோபமும் சோர்வும் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். ஆனால் கிண்ணம் இல்லாமல் சும்மா படுத்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, எனவே கிண்ணம் நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு வகுப்பு நேர்மாறு. அதே அளவு ஹாலில் நாற்பது பேரை அடைத்து, யோகாவே இல்லாமல் நேரே படுக்கவைத்து, தலைமாட்டில் ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரிதான் இருந்தது, தலைவலியோடு வீடு வந்தேன். கிண்ணத்தில் இதுதான் பெரிய சிக்கல், எல்லாம் தட்டுபவர் கையில் இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம், உடம்பின்மேல் கிண்ணம் வைக்கவும் விடவேண்டாம்.

செல்போன் ஒலிப்பதிவு மலிவு, எந்த நேரத்துக்கும் ஆகும். ஆனால் கிண்ண ஒலியை போன் ஸ்பீக்கரில் கேட்டால் அடிநாதம் காணாமல் போய் மேல் கீச்சு மட்டும்தான் மிஞ்சும். 'பைனாரல் பீட்ஸ்' என்று வருவதற்கு ஹெட்செட் இல்லாமல் அர்த்தமே கிடையாது, ஏனென்றால் இரண்டு காதுக்கும் சற்றே வேறுபட்ட ஒலியைத் தனித்தனியாகக் கொடுத்தால்தான் மூளை நடுவில் ஒரு அலையை உணரும். 19ஆம் நூற்றாண்டில் டோவ் என்ற ஜெர்மானியர் கண்டது அது. 432, 528 ஹெர்ட்ஸ் என்று எண் போட்டு அற்புதம் பேசும் வீடியோக்களுக்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. இந்த வகையில் எனக்கு உதவியது யோக நித்திரைதான். பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவிய சத்யானந்த சரஸ்வதி வகுத்த முறை, வலது கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு உறுப்பாகக் குரல் அழைத்துப் போகும். ஆனால் போன் கையில் இருந்தால் நடுவில் ஒரு மெசேஜ் வராமல் இருக்காது.

மூன்றில் நான் தினமும் செய்வது பிரமரி. காசு இல்லை, கருவி இல்லை, கரண்ட் போனாலும் கவலை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, காது மடலின் முன்பக்கத் திட்டை விரலால் லேசாக அழுத்தி, வாயை மூடி, மூச்சு தீரும்வரை 'ம்ம்ம்' என்று வண்டு மாதிரி விட வேண்டும். முதல் இரண்டு சுற்றில் உதடு கூசும், நான்காவதில் மண்டைக்குள் முழுக்க அதுவே நிறைந்திருக்கும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வந்தால் உடம்பு ஓய்வு நிலைக்குப் போவது நமக்கே தெரியும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2002இல் அளந்தபோது, சும்மா மூச்சு விடுவதைவிட ரீங்காரமிடும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, அதாவது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு, 15 மடங்கு கூடியிருந்தது. காதில் சீழ், வலி இருந்தால் மட்டும் செய்யக்கூடாது. "என்ன பாப்பா, வீட்டுக்குள்ள வண்டு பூந்துருச்சா?" என்று கேட்ட அம்மா, இப்போது மத்தியானத்தில் தானே உட்கார்ந்து ஐந்து சுற்று விடுகிறார்.

பிரமரிக்கும் ஒரு குறை உண்டு, செய்பவரும் நாமே கேட்பவரும் நாமே. மிகவும் நொந்துபோன நாளில் அந்த 'ம்ம்ம்' விடக்கூடத் தெம்பு இருக்காது, அப்போது வேறொருவர் ஒலி கொடுக்க நாம் வெறுமனே கிடப்பது பெரிய ஆறுதல். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணன் தோளைப் பிடித்துவிட, பக்கத்தில் அருவி இரைய, கண் தானாகச் சொருகுமே, அதே மாதிரி.

அதனால் என் ஏற்பாடு இப்படி: தினமும் ஜமுக்காளம், அப்புறம் ஏழு சுற்று பிரமரி, பிறகு பத்து நிமிஷம் எந்த ஒலியும் இல்லாமல் சவாசனம். அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் யோக நித்திரை, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எட்டுப் பேர் கிண்ண வகுப்பு. அடுத்த தடவை அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்குத் தரையில் படுத்து எழுவது சிரமம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டேன்.