ஊருக்குப் போகும்போது வீட்டுக்கு எது காவல்: பூட்டா, கேமராவா, லாக்கரா?

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால், எங்கள் தெருவில் ஒரு வீட்டு முன்கதவு திறந்து கிடக்கிறது. பூட்டு உடையவே இல்லை. கடப்பாரையை விட்டு ஒரே நெம்பு, நாதாங்கி திருகாணிகளோடு பெயர்ந்து, பூட்டு அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எதற்குச் செலவு செய்வது என்று நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, நல்ல லிவர் பூட்டைக் கள்ளச்சாவி போட்டுத் திறப்பது லேசில்லை. ஆனால் திருடன் எங்கே சாவி போடுகிறான்? நெம்புகிறான். ஆயிரம் ரூபாய்ப் பூட்டை அரை அங்குலத் திருகாணி போட்ட நாதாங்கியில் மாட்டினால் அந்த ஆயிரமும் வீண். நாதாங்கியை நிலையின் மறுபக்கம் வரை போகிற போல்ட்டு போட்டு, உள்ளே நட்டு வைத்து முடுக்கச் சொல்லுங்கள், தச்சருக்கு அரை நாள் வேலைதான். இன்னொரு குறை, வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும். கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு அந்த வகையில் மேல், உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. அப்புறம் கொல்லைக் கதவு! முன்னால் கிரில், பூட்டு, எல்லாம் போட்டுவிட்டுப் பின்னால் ஒற்றைத் தாழ்ப்பாளோடு விட்டுவிடுகிறோம்.

கேமராவை நான் குறைத்துச் சொல்லவில்லை. சென்னையில் ‘மூன்றாம் கண்’ என்று காவல்துறை தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னதில் ஆட்களைப் பிடிப்பது எளிதானது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் நடந்த பிறகு உதவுவது. மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு, பதிவாகும் டிவிஆர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள், அதனால் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். செல்போனில் பார்க்கிற வைஃபை கேமரா என்றால், மெயின் சுவிட்ச் வெளியே இருக்கிற வீட்டில் அதை அணைத்தாலே எல்லாம் போச்சு, ரவுட்டரையும் கேமராவையும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்து ராத்திரி இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தாலும், முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்? 112-ஐயும் பக்கத்து வீட்டையும்தான்.

நகைக்கு பீரோவா வங்கி லாக்கரா என்றால் யோசிக்கவே வேண்டாம், லாக்கர். பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் லாக்கரில் போனாலும் முழுப் பணமும் வங்கி தந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்குதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம், பவுன் 70,000-ஐத் தாண்டிய 2025-ன் கணக்கில் பார்த்தாலே ஐந்து பவுன்கூடத் தேறாது. இருந்தாலும் பீரோவை விட லாக்கர் எவ்வளவோ மேல். கல்யாணத்துக்கு எடுத்த நகையை வங்கி திறந்த முதல் நாளே திரும்ப வைத்துவிடுங்கள், ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று பீரோவில் வைக்கிற அந்த நாட்கள்தான் ஆபத்து.

நாய் நல்ல காவல்தான், ஆனால் நீங்கள் ஊரில் இல்லாதபோது அதற்குச் சோறு யார் போடுவது? காவல் நிலையத்தில் முகவரி சொல்லிவிட்டுப் போவதற்குக் காசில்லை, ரோந்து வரும்போது பார்ப்பார்கள், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் ரோந்து வந்து போகிற நேரம் சில நிமிஷம், எதிர்வீடு நாள் முழுக்க அங்கேயே இருக்கிறது.

கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் நான் முதலில் இரண்டு கதவுகளையும் சரிசெய்வேன், அடுத்து லாக்கர் வாடகை, மிச்சம் இருந்தால் கேமரா. இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பால் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, வெளிவிளக்கைப் போட கேட் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தோம், ‘சாயங்காலம் போட்டு விடியக்காலை அணைச்சிடறேன், நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க’ என்றார்.